ரைபிள் கட்டை மாத்தி ஸ்கோப் போடணும், எந்தெந்த கைக்கருவி வாங்கலாம்?

ஹில்கன்ட்ரி:
எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸ்ல இருக்கேன். கிரீன் கார்டு வந்த பிறகு ஒரு பழைய ரெமிங்டன் 700 வாங்கினேன், .308, மரக் கட்டையோட (ஸ்டாக், தோள்ல வெச்சுப் பிடிக்கிற பாகம்). இப்போ அந்த கட்டைய கழட்டிட்டு அலுமினிய பில்லர் (ஸ்க்ரூ போற துளைல வைக்கிற குழாய்) வெச்ச சிந்தெட்டிக் கட்டை போடணும், மேல புது ஸ்கோப், அத தாங்கற பேஸ், ரிங் எல்லாத்தையும் நானே மாட்டணும்னு ஆசை. மான் சீசனுக்கு முன்னாடி முடிச்சு ரேஞ்சுல சுட்டுப் பாக்கணும். வீட்ல கார் வேலைக்கு வாங்கின பெரிய டூல் பாக்ஸ் இருக்கு, ஸ்க்ரூடிரைவர் செட், சாக்கெட், 1/2 இன்ச் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்த அளந்து முடுக்கறது) எல்லாம் இருக்கு. இது போதுமா இல்ல தனியா வாங்கணுமா? ஆன்லைன்ல பார்த்தா கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர்காரர்) கிட்னு சூட்கேஸ்ல நூறு சாமான் போட்டு விக்கிறாங்க, எது தேவை எது தேவையில்லன்னே தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பித்தளைச்சுத்தி:
தம்பி, முதல்ல அந்த கார் டூல் பாக்ஸ மூடி வெச்சுருங்க. நான் ஊர்ல டூல்ரூம்ல ஃபிட்டரா இருந்தவன், இங்க வந்தப்புறம் பழைய ரைபிள்கள எடுத்து சரி பண்றதுதான் பொழுதுபோக்கு. கைக்கு வர்ற பழைய துப்பாக்கில பாதிக்கு மேல ஸ்க்ரூ தலை எல்லாம் கடிச்சு குதறி இருக்கும், அத்தனைக்கும் காரணம் ஒண்ணே ஒண்ணுதான், பொருந்தாத திருப்புளி.

விஷயம் என்னன்னா, ஹார்டுவேர் கடைல கிடைக்கிற தட்டை திருப்புளியோட முனை ஆப்பு மாதிரி சரிஞ்சு இருக்கும். ஸ்க்ரூவோட ஸ்லாட் ரெண்டு பக்கமும் நேரா செங்குத்தா வெட்டினது. சரிஞ்ச முனைய நேரான ஸ்லாட்டுக்குள்ள விட்டா மேல விளிம்புல மட்டும்தான் ரெண்டு புள்ளில தொடும். அழுத்தி திருப்பினா அந்த சரிவே முனைய மேல தள்ளும், வெளிய வழுக்கும், வழுக்கும்போது ஸ்லாட் விளிம்ப சுரண்டிட்டு பக்கத்துல இருக்கிற ரிசீவர் (போல்ட் ஓடற இரும்பு உடம்பு) மேல ஒரு கோடு போட்டுட்டுப் போகும். ப்ளூயிங் (இரும்போட கருநீலப் பூச்சு) மேல விழுந்த கோடு போகவே போகாது. துப்பாக்கி வேலைக்குன்னு செய்யற திருப்புளில முனை ரெண்டு பக்கமும் உள்குழிவா அரைச்சு, கடைசி பகுதி இணையா, நேரா இருக்கும். ஹாலோ கிரவுண்ட்னு கேளுங்க. அது ஸ்லாட்டோட அடிவரைக்கும் போய் உட்காரும், சுவர் முழுக்க தொடும், எவ்வளவு திருப்பினாலும் மேல ஏறாது.

அடுத்தது அளவு. அகலம் மட்டும் பாத்தா போதாது தம்பி, கனமும் பாக்கணும். அகலம் ஸ்க்ரூ தலையோட விட்டத்துக்கு கொஞ்சம் உள்ள இருக்கணும், ஒரு மயிரிழை கூட வெளிய நீட்டக் கூடாது, குழிக்குள்ள இருக்கிற ஸ்க்ரூன்னா நீட்டிட்டிருக்கிற மூலை சுத்தி இருக்கிற இரும்ப உழுதுடும். கனம் ஸ்லாட்டுக்குள்ள ஆட்டம் இல்லாம சரியா அடைக்கணும். கனத்த அளக்க சுலபமா ஒரு வழி, கார் வால்வுக்கு வெச்சிருப்பீங்களே ஃபீலர் கேஜ், அதோட தகடுகள ஒவ்வொண்ணா ஸ்லாட்ல விட்டுப் பாருங்க, எது இறுக்கமா போகுதோ அதுதான் உங்களுக்கு வேண்டிய பிட்டோட (மாத்தி மாட்டற திருப்புளி முனை) கனம்.

சூப்பர்செட்:
அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இதெல்லாம் கொஞ்சம் ஓவரா தெரியுது. நான் மலிவான 200 பீஸ் செட் ஒண்ணு வெச்சுதான் எல்லாம் பண்றேன், பைக், கார், ஃபர்னிச்சர், ரைபிள். இப்பல்லாம் புது ரைபிள்ல ஆலன் (அறுகோணக் குழி), டார்க்ஸ் (நட்சத்திரக் குழி) ஸ்க்ரூதான் வருது, தட்டை ஸ்லாட்டே கிடையாது. எதுக்கு தம்பிய வீணா செலவு பண்ண வைக்கிறீங்க?

பித்தளைச்சுத்தி:
செலவு வைக்கிறதுக்கு சொல்லல தம்பி, குறைக்கத்தான் சொல்றேன். அந்த 200 பீஸ்ல இந்த வேலைக்கு ஆகிறது எட்டோ பத்தோதான் இருக்கும், மீதி பெட்டிய நிறைக்கிறதுக்கு. அந்த எட்டு பத்தும் நல்ல ஸ்டீலா இருந்துட்டா பிரச்சினையே இல்ல, ஆனா மலிவான பிட் ரெண்டு விதமா கெடும், மெத்துனு இருந்தா முனை முறுக்கிக்கும், ரொம்ப கெட்டியா இருந்தா மூலை உடைஞ்சு தெறிக்கும். ஆலன், டார்க்ஸ்லயும் இதே கதைதான். மூலை தேய்ஞ்ச ஆலன் கீய குட்டி ஸ்க்ரூவுல விட்டு திருப்பினா உள்ள இருக்கிற ஆறு மூலையும் வட்டமாயிடும், அப்புறம் ட்ரில் போட்டுதான் எடுக்கணும்.

புது ரைபிள்ல தட்டை ஸ்லாட் கம்மிங்கிறது உண்மைதான். ஆனா பழைய மாசர் 98, பழைய வின்செஸ்டர், ஷாட்கன்னு ஒண்ணு கைக்கு வந்துட்டா எல்லாமே ஸ்லாட்தான். மாசர்ல இன்னொண்ணு, அடியில இருக்கிற பெரிய கார்டு ஸ்க்ரூ ரெண்டுக்கும் பக்கத்துல ஒரு குட்டி லாக் ஸ்க்ரூ இருக்கும், பெருசு தானா கழண்டுராம இருக்க. அத முதல்ல எடுக்காம பெருச திருப்பினா ரெண்டுமே போச்சு. அந்த குட்டிக்கும் பெருசுக்கும் ஒரே திருப்புளி எப்படி பொருந்தும்?

அயோவா_அக்கா:
பித்தளைச்சுத்தி அண்ணன் சொன்னதுதான் சரி, நான் பிராண்டு பேரு மட்டும் சேர்த்துடறேன், கேக்குறவங்களுக்கு உதவும்.

பிரவுனெல்ஸ் கம்பெனி எங்க அயோவாலதான் இருக்கு, 1939ல மான்டஸூமாங்கிற சின்ன ஊர்ல ஆரம்பிச்சது, இப்ப கிரின்னல்ல கடையே இருக்கு, நேர்ல போய் கையில எடுத்துப் பாக்கலாம். அவங்க மேக்னா-டிப் பிட் செட்ல என்ன நல்லதுன்னா ஒவ்வொரு பிட்டும் அகலம், கனம் ரெண்டும் போட்டு தனித்தனியா வாங்கலாம். ஒண்ணு உடைஞ்சா அது மட்டும். அண்ணன் சொன்ன ஃபீலர் கேஜ் அளவ வெச்சு அப்படியே ஆர்டர் போடலாம். சேப்மன்னு கனெக்டிகட்ல ஒரு பழைய கம்பெனி, சின்ன பெட்டில ராட்செட்டோட வரும், ரேஞ்ச் பைக்குள்ள போட்டுக்க அதுதான் சவுகரியம். மரப்பிடி போட்ட முழு திருப்புளி பிடிக்கும்னா மிச்சிகன் கிரேஸ் நல்லா இருக்கும், பிடி சதுரமா இருக்கிறதால எண்ணெய்க் கையிலயும் வழுக்காது, மேசைல உருளாது. டார்க்ஸ், ஆலனுக்கு வீஹா, வெரா மாதிரி ஜெர்மன் பிட் வாங்கிட்டா ரொம்ப வருஷம் வரும்.

இப்ப முக்கியமான விஷயம். ஹில்கன்ட்ரி தம்பி, உங்க 1/2 இன்ச் டார்க் ரெஞ்ச தயவுசெஞ்சு ரைபிள் பக்கமே கொண்டு வராதீங்க. அது ஃபுட்-பவுண்ட் கணக்கு, வீல் நட்டுக்கு. ரைபிள்ல எல்லாம் இன்ச்-பவுண்ட் கணக்கு. 12 இன்ச்-பவுண்ட் சேர்ந்தாதான் 1 ஃபுட்-பவுண்ட். ஸ்கோப் ரிங் ஸ்க்ரூவுக்கு நிறைய கம்பெனி சொல்றது 15லிருந்து 18 இன்ச்-பவுண்ட், அதாவது ஒன்றரை ஃபுட்-பவுண்டுக்கு மேல போகாது. உங்க ரெஞ்சோட ஆரம்ப கோட்டுக்கே அது எட்டாது, க்ளிக் சத்தம் வர்றதுக்குள்ள ஸ்க்ரூ முறிஞ்சிடும், இல்ல ஸ்கோப் குழாய் நசுங்கிடும்.

அதனால சின்ன டார்க் டிரைவர் ஒண்ணு வாங்குங்க. வீலர் ஃபேட் ரெஞ்சுன்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும், பழைய மாடல் 10லிருந்து 65 இன்ச்-பவுண்ட் வரைக்கும், திருப்புளி மாதிரியே பிடிச்சு திருப்பலாம், 1/4 இன்ச் பிட் எல்லாம் போகும். வேலை முடிஞ்சதும் ஸ்ப்ரிங்க தளர்த்தி குறைஞ்ச அளவுல வெச்சு பெட்டில போடுங்க, இறுக்கத்துலயே விட்டா அளவு மாறிடும்.

சூப்பர்செட்:
அக்கா கையிலயே தெரியாதா இறுக்கம்? எத்தனையோ வருஷமா பெரியவங்க கையாலதானே பண்ணாங்க.

அயோவா_அக்கா:
கை பழகினவங்களுக்கு தெரியும், மறுக்கல. ஆனா இறுக்கம் மட்டும் விஷயம் இல்ல தம்பி, ஒரே மாதிரி இருக்கணும். நாலு ரிங் ஸ்க்ரூல ஒண்ணு 12, ஒண்ணு 25ன்னு இருந்தா ஸ்கோப் குழாய்க்கு ஒரு பக்கமா அழுத்தம் விழும், உள்ள குறிய நகர்த்தற எரெக்டர் குழாய் நகர்றது மக்கர் பண்ணும், ரேஞ்சுல நிப்பாட்டி நிப்பாட்டி திருப்பினாலும் குண்டு போற இடம் ஒழுங்கா நகராது. கட்டை ஸ்க்ரூவும் அப்படித்தான். இந்த தடவை கழட்டி மாட்டும்போது 40, அடுத்த தடவை 60ன்னு ஆனா ஜீரோ (குறி வெச்ச இடத்துலயே குண்டு விழற அமைப்பு) நகரும். பெரியவங்க காலத்துல இரும்பு சைட்டுதான், 100 கெஜத்துல தட்டு அளவு குறி. இப்ப ஒரு இன்ச்சுக்குள்ள எதிர்பாக்குறோம்.

அப்புறம் ஸ்க்ரூ நூல்ல (மரைல) எண்ணெய் இருக்கிறப்ப அதே 18 வெச்சா உள்ள விழற பிடிப்பு கூடிடும், உராய்வு குறையுதுல்ல. அதனால கம்பெனி காய்ஞ்ச நூலுக்கு சொல்லியிருந்தா நீங்களும் ஆல்கஹால் போட்டு துடைச்சு காய வெச்சுதான் முடுக்கணும்.

ஹில்கன்ட்ரி:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமா யாரும் சொல்லல. அப்ப கட்டை ஸ்க்ரூவுக்கு எவ்வளவு வெக்கணும்? புதுசுல பில்லர் இருக்கு, பழைய மரத்துல ஒண்ணும் இல்ல.

அயோவா_அக்கா:
அலுமினிய பில்லர் இருந்தா 700க்கு 65 வரைக்கும் வெக்கலாம், நியூட்டன் மீட்டர்ல 7.3 வரும். வெறும் மரம்னா 65 வெச்சா மரம் நசுங்கும், நிறைய பேர் 35லிருந்து 45க்குள்ளதான் நிறுத்துறாங்க. ஆனா புது கட்டையோட வந்த தாள படிங்க, அவங்க வேற எண்ணு சொல்லியிருந்தா அதுதான் கணக்கு. ஒரு ரைபிளுக்கு சொன்னத இன்னொண்ணுக்கு வெக்காதீங்க. ரூகர் எம்77ல முன்னாடி ஸ்க்ரூ சாய்வா போகும், அதுக்கு 95னு சொல்வாங்க, அதக் கேட்டுட்டு வந்து ரெமிங்டன்ல வெச்சா தப்பாயிடும்.

ஸ்காபரோ_சிவா:
எல்லாருக்கும் வணக்கம். நான் கனடாவில இருக்கிறன், பிஏஎல் (இஞ்ச துப்பாக்கி லைசென்ஸ்) எடுத்து ஒரு பழைய எஸ்எம்எல்ஈ (லீ-என்ஃபீல்ட் ரைபிள்) வாங்கி வச்சிருக்கிறன், .303. திருப்புளியைப் பற்றிக் கதைக்கிறதாலே ஒரு விசயம் சொல்லோணும் எண்டு நினைச்சன், லீ-என்ஃபீல்ட் வச்சிருக்கிற ஆக்கள் எங்கட சனத்திலயும் இருக்கினம்.

இந்த ரைபிளில பின் கட்டையை ஒரு நீண்ட போல்ட் பிடிச்சிருக்கும், அது பட் தட்டின்ர (கட்டையின்ர பின் நுனித் தட்டு) மூடியைத் திறந்தால் உள்ளுக்குள்ள ஆழத்தில இருக்கும். அதுக்கு ஒரு அடிக்கு மேல நீளமான, அகலமான முனை உள்ள திருப்புளி வேணும், சாதாரணமானது எட்டாது. சரி, நீளமான திருப்புளி கிடைச்சிட்டுது எண்டு உடன திருப்பாதேங்கோ. எஸ்எம்எல்ஈயில அந்த போல்டின்ர முன் நுனி சதுரமா இருக்கும், அது முன் கட்டையின்ர பின்பக்கத்தில இருக்கிற ஒரு தகட்டுக்குள்ள பூட்டிக்கொண்டு நிற்கும். முன் கட்டையைக் கழட்டாமல் போல்டைத் திருப்பினால் சதுரம் சுத்தேக்க முன் கட்டை பின்பக்கமாப் பிளந்து போகும். எத்தினையோ நல்ல நல்ல கட்டைகள் இப்பிடித்தான் வெடிச்சிருக்குது. முதல்ல முன் கட்டை, பிறகுதான் பின் கட்டை. சாமான் நல்லதா இருந்தாலும் கழட்டுற ஒழுங்கு தெரியாட்டி பிரயோசனம் இல்லை.

பித்தளைச்சுத்தி:
சிவா தம்பி அருமையா சொன்னீங்க. இஷாப்பூர்ல செஞ்ச எஸ்எம்எல்ஈயும் இங்க நிறைய சுத்திட்டு இருக்கு, வாங்குறவங்க இத கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். ஒவ்வொரு ரைபிளுக்கும் பழைய ஆர்மி மேனுவலோ பாகம் பாகமா பிரிச்சுக் காட்டற படமோ கிடைக்கும், அத பிரிண்ட் எடுத்து மேசைல வெச்சுக்கிறதும் ஒரு கருவிதான்.

கொங்குப்பட்டறை:
வணக்கமுங்க. நான் கோயமுத்தூருங்க. எங்கிட்ட இருக்கறது ஏர் ரைபிள்தானுங்க, .177, ஸ்ப்ரிங் பிஸ்டன். நீங்க சொல்ற பிரவுனெல்ஸ், சேப்மன் எல்லாம் இங்க வரவழைச்சா கஸ்டம்ஸோட சேர்த்து எங்கியோ போயிருதுங்க. இங்க கிடைக்கற டபாரியா கம்பெனி திருப்புளிய எடுத்து கிரைண்டர்ல நாமளே உள்குழிவா அரைச்சுக்க முடியுங்களா? அப்புறம் என்னோட ஏர் ரைபிள்ல கட்டை ஸ்க்ரூ அடிக்கடி லூஸ் ஆகுதுங்க, எத்தன இறுக்குனாலும் நிக்க மாட்டீங்குது.

பித்தளைச்சுத்தி:
தாராளமா பண்ணலாம் தம்பி, எங்க டூல்ரூம்ல அப்படித்தான் பண்ணுவோம், வெளில வாங்கினதே கிடையாது. சின்ன விட்டம் உள்ள கல்லு எடுத்துக்கோங்க, முனைய கல்லோட வளைவுல பிடிச்சா குழிவு தானா வரும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சமமா எடுங்க, இல்லாட்டி முனை நடுக்கோட்ட விட்டு விலகிடும். தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து, ஒவ்வொரு தடவையும் தண்ணில முக்கணும். சூடாகி முனை நீலமா மாறிட்டா டெம்பர் (இரும்போட கெட்டித்தன்மை) போயிருச்சுன்னு அர்த்தம், அந்த நீலம் பட்ட பகுதிய முழுசா அரைச்சு தள்ளிட்டு திரும்ப ஆரம்பிக்கணும். கடைசில எண்ணெய்க் கல்லுல முகத்த தேய்ச்சு நுனிய சதுரமா, கூரான மூலையோட நிறுத்துங்க. ஸ்லாட்டுல விட்டு கைய எடுத்தா திருப்புளி தானா நிக்கணும், அதுதான் சோதனை. கண்ணாடி போட்டுக்கோங்க.

ஸ்க்ரூ லூஸ் ஆகறதுக்கு காரணம் உங்க கை இல்ல, அந்த ரைபிளோட குணம். ஸ்ப்ரிங் பிஸ்டன்ல பிஸ்டன் முன்னாடி பாயும்போது ரைபிள் பின்னாடி உதைக்கும், பிஸ்டன் முன்னாடி போய் நிக்கும்போது திரும்ப முன்னாடி உதைக்கும். ரெண்டு பக்கமும் அதிர்வு. மேல மேல இறுக்கிட்டே போனா மரத்துல வாஷர் புதைஞ்சு இன்னும் மோசமாகும். நூல சுத்தமா எண்ணெய் போக துடைச்சு நீல லாக்டைட் (ஸ்க்ரூ கழலாம பிடிக்கிற பசை) ஒரே ஒரு சொட்டு வெச்சு அளவா முடுக்குங்க.

ஆனா ஒண்ணு, கட்டைய கழட்டறதோட நிறுத்திக்கோங்க. பின்னாடி மூடிய கழட்டி ஸ்ப்ரிங்க எடுக்கணும்னா ஸ்ப்ரிங் கம்ப்ரஸர் இல்லாம கை வெக்கவே கூடாது. அந்த ஸ்ப்ரிங் மாட்டியிருக்கும்போதே அழுத்தத்துலதான் இருக்கு, மூடி விட்டா முகத்துக்கு நேரா வரும்.

கொங்குப்பட்டறை:
ரொம்ப நன்றிங்கண்ணா, நாளைக்கே கல்லு புடிக்கறனுங்க. இன்னொண்ணு, எங்க தோட்டத்துல பெரியப்பாவுக்கு பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் போட்ட பழைய டபுள் பேரல் ஒண்ணு இருக்குதுங்க. அதோட ஸ்க்ரூவும் ஆடுது, இதே திருப்புளிய வெச்சு நானே பாத்துரலாமுங்களா?

பித்தளைச்சுத்தி:
வேண்டாம் தம்பி. ஏர் ரைபிள் .177க்குள்ள, 20 ஜூலுக்குள்ள இருந்தா 2016 விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம், அதுல நீங்க வேலை பாக்கலாம். ஆனா நெருப்பு துப்பாக்கி வேற கதை. 1959 ஆயுதச் சட்டத்துல செய்யறதுக்கும் விக்கறதுக்கும் மட்டும் இல்ல, ரிப்பேர் பண்றதுக்கும் தனி லைசென்ஸ் கேக்கறாங்க. பெரியப்பாவே எடுத்துட்டுப் போய் லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடைல குடுக்கட்டும், நீங்க அத கையில வாங்கறதே வம்பு.

புதுசா_வந்தவன்:
அண்ணா ஒரு சந்தேகம், நான் எச்1பில டெக்சாஸ்க்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, ஹில்கன்ட்ரி ப்ரோ மாதிரி எனக்கும் ஆசையா இருக்கு. முதல்ல டூல்ஸ் வாங்கி ஃப்ரெண்டோட ரைபிள்ல பழகலாமா?

அயோவா_அக்கா:
தம்பி இத நல்லா கவனிச்சு படிங்க. எச்1பி மாதிரி நான்-இமிக்ரன்ட் விசாவுல இருக்கிறவங்க ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கவே கூடாது, சில விலக்கு இருந்தாலொழிய. அதுல முக்கியமான விலக்கு, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலத்தோட செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ். அது கையில இருக்கணும், தேதி முடிஞ்சிருக்கக் கூடாது. இதுல தப்பு நடந்தா விசா போறது மட்டும் இல்ல, ஃபெடரல் குற்றம். ஃப்ரெண்டோட ரைபிள்ன்னாலும் உங்க கையில இருந்தா வெச்சிருக்கிறதுதான். முதல்ல வேட்டைப் பாதுகாப்பு கோர்ஸ் முடிங்க, லைசென்ஸ் எடுங்க, ஒரு வக்கீல்கிட்ட உங்க விசாவ காட்டி கேட்டுட்டு அப்புறம் தொடுங்க.

எல்லாருக்குமே ஒண்ணு, சொந்த ரைபிள நாம கழட்டி மாட்டறது வேற, காசு வாங்கிட்டு அடுத்தவங்களுக்கு செய்ய ஆரம்பிச்சா அது தொழில், அதுக்கு எஃப்எஃப்எல்ங்கிற ஃபெடரல் துப்பாக்கி லைசென்ஸ் வேணும்.

ஹில்கன்ட்ரி:
நல்ல தகவல் அக்கா. அண்ணே, பஞ்ச், சுத்தியல், வைஸ் இதெல்லாம் இப்பவே வேணுமா? எல்லா லிஸ்ட்லயும் இருக்கு.

பித்தளைச்சுத்தி:
உங்க இந்த வேலைக்கு பஞ்ச் தேவையே இல்ல தம்பி, ஆனா சீக்கிரம் தேவைப்படும், அதனால சொல்றேன். பஞ்ச்ங்கிறது பாகங்கள பிடிச்சிருக்கிற பின் ஊசிய தட்டி எடுக்கிற கம்பி, அது மூணு ரகம். குட்டையா தடிமனா சரிஞ்சு வர்றது ஸ்டார்ட்டர், ஒட்டிக்கிட்ட பின் ஊசிய முதல் அடில அசைக்கிறதுக்கு. நீளமா நேரா இருக்கிறது பின் பஞ்ச், அசைஞ்ச ஊசிய முழுசா வெளிய தள்ள. ஸ்டார்ட்டர் இல்லாம நேரா மெல்லிசுல ஆரம்பிச்சா பஞ்ச் வளையும். மூணாவது ரோல் பின் பஞ்ச், நுனில ஒரு சின்ன பொட்டு இருக்கும், அந்த பொட்டு உள்ளீடு இல்லாத ரோல் பின்னோட ஓட்டைக்குள்ள உட்கார்ந்து நடுவுல நிக்கும், விளிம்பும் நசுங்காது, பக்கத்துல வழுக்கவும் வழுக்காது. திடப் பின்னுக்கு இத பயன்படுத்தாதீங்க, பொட்டு பின் தலைல குழி போட்டுடும்.

அளவு 1/16, 5/64, 3/32, 1/8 இன்ச் இந்த நாலு இருந்தா பெரும்பாலும் ஓடிரும். ஸ்டாரெட்னு மாசசூசெட்ஸ் கம்பெனி, 1880லேர்ந்து இருக்கு, அவங்க பின் பஞ்ச் வாங்கினா பேரனுக்கும் குடுக்கலாம். அடியில வெக்க பள்ளம் வெட்டின பெஞ்ச் பிளாக் ஒண்ணு, இல்லாட்டி கெட்டி மரத்துல ஓட்டை போட்டு வெச்சுக்கலாம், நான் இன்னும் மரம்தான் வெச்சிருக்கேன்.

சுத்தியல் 4 அவுன்ஸ் பித்தளை, இன்னொரு பக்கம் நைலான் இருக்கிறது கிடைச்சா ரொம்ப நல்லது. கனமா ஒரு அடி அடிக்கிறத விட சின்னதா பத்து தட்டு தட்டறதுதான் பின்ன நகர்த்தும். சைட் மாதிரி வெளில தெரியற பாகத்துல இரும்பு பஞ்ச் வெக்காதீங்க, பித்தளை இல்ல நைலான் மட்டும். பித்தளை மஞ்சளா கறை விடும், காப்பர் சால்வென்ட் தொட்டு துடைச்சா போயிடும். டவ்டெயில் (புறா வால் வடிவப் பள்ளத்துல உட்கார்ற) சைட்ட பொதுவா சுடறவர் பார்வைல இடமிருந்து வலமா வெளிய தட்டுவாங்க, வலமிருந்து இடமா உள்ள. விதிவிலக்கும் உண்டு, அசையலன்னா பலத்த கூட்டாம மேனுவல பாருங்க.

வைஸ் வாங்கினா 4 இன்ச் தாடை போதும், ஆனா தாடைல தோல் இல்ல மரம் ஒட்டாம ரைபிள பிடிக்காதீங்க. ஸ்கோப் மாட்டறதுக்கு ரெண்டு மரத்துண்டுல வெட்டு போட்டு துணி சுத்தின தாங்கியே போதும்.

அரம் கடைசி. அரத்தால எடுத்தது திரும்ப வராது. முதல் வருஷம் அரமே வாங்காதீங்கன்னு கூட சொல்லுவேன்.

சூப்பர்செட்:
அண்ணே ரோல் பின் பஞ்ச் மேட்டர் எனக்கு தெரியாது, நல்ல விஷயம். லாக்டைட் பத்தி சொல்லுங்க, நான் எல்லா ஸ்க்ரூலயும் சிவப்பு போடறதுதான் வழக்கம், கழலவே கழலாது.

அயோவா_அக்கா:
கழலாதுங்கிறதுதான் தம்பி பிரச்சினை. சிவப்பு 271 வெச்சா பிரிக்க 250 டிகிரி செல்சியஸ் போல சூடு காட்டணும், ஸ்கோப்புக்கு பக்கத்துல அந்த சூடு எப்படி காட்டுவீங்க? நீலம் 242, அது கைக்கருவிலயே கழலும். அதையும் பேஸ் ஸ்க்ரூவுல மட்டும் ஒரு சொட்டு. ரிங் ஸ்க்ரூவுல வேண்டாம்னுதான் பல ஸ்கோப் கம்பெனிக்காரங்களே சொல்றாங்க, ஈரமா இருக்கும்போது எண்ணெய் மாதிரி வழுக்கி பிடிப்பு கூடிடும்.

ட்ரிக்கர் பக்கம் எந்த லாக்டைட்டும் போகவே கூடாது. 2014ல ரெமிங்டன் எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிக்கர திரும்ப வாங்கினாங்கல்ல, 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரைக்கும் செஞ்ச 700, மாடல் செவன், அதுக்கு அவங்க சொன்ன காரணமே அசெம்பிளில ஒட்டுப் பசை அதிகமாப் போயிருக்கலாம்ங்கிறதுதான். ட்ரிக்கர தொடாம சுடற ஆபத்து. ஃபேக்டரிலயே அப்படின்னா வீட்டு மேசைல என்ன ஆகும்னு யோசிங்க. ஹில்கன்ட்ரி தம்பி, உங்க 700 எந்த வருஷம்னு பாத்துடுங்க. ட்ரிக்கர் உள்ள இருக்கிற சியர (சுடற ஊசிய பிடிச்சு நிறுத்தற கொக்கி) கல்லு போட்டு தேய்க்கிறத பத்தி வீடியோ நிறைய இருக்கு, தயவுசெஞ்சு அந்த பக்கம் போகாதீங்க, அது கன்ஸ்மித் வேலை.

ஹில்கன்ட்ரி:
என்னோடது ரொம்ப பழசு அக்கா, எக்ஸ்-மார்க் வர்றதுக்கு முன்னாடி செஞ்சது. ஆனாலும் ட்ரிக்கர ஒரு தடவை கன்ஸ்மித்கிட்ட காட்டிடறேன்.

டூல்ஸ் வந்துருச்சு, ஹாலோ கிரவுண்ட் பிட் செட், இன்ச்-பவுண்ட் டார்க் டிரைவர், டார்க்ஸ் டி-15 தனியா ரெண்டு. கட்டை ஸ்க்ரூ ரெண்டும் சுலபமா கழண்டுச்சு. ஆனா முன்னாடி வெச்சிருந்தவர் போட்ட பழைய ஸ்கோப் பேஸ்ல ஒரு ஸ்க்ரூ அசையவே இல்ல, பிட் சரியா அடைச்சுதான் நிக்குது, ஆனா இன்னும் பலம் குடுத்தா முறிஞ்சிடும்னு பயமா இருக்கு, அதான் நிறுத்திட்டேன்.

பித்தளைச்சுத்தி:
நிறுத்தினதுதான் சரி. அது 6-48ங்கிற பொடி நூலு, மூணரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும், முறிஞ்சா பெரிய வேலை. முன்னாடி இருந்தவர் லாக்டைட் போட்டிருப்பார். சால்டரிங் அயர்ன் வெச்சிருக்கீங்களா? அதோட முனைய ஸ்க்ரூ தலைல வெச்சு ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க, சூடு பெரும்பாலும் ஸ்க்ரூவுக்குள்ளதான் போகும், ரிசீவருக்கு ஒண்ணும் ஆகாது. டார்ச் எடுத்துடாதீங்க. சூட்டோட பிட்ட விட்டு, நல்லா கீழ அழுத்தி, முதல்ல கொஞ்சம் இறுக்கற பக்கம், அப்புறம் கழட்டற பக்கம். துருவா இருந்தா க்ராயில் மாதிரி ஊடுருவற எண்ணெய் ஒரு சொட்டு வெச்சு ராத்திரி முழுக்க விட்டுட்டு காலைல பாருங்க. எண்ணெய் வெச்ச ஸ்க்ரூவுல அயர்ன் வெக்கறதுன்னா முதல்ல துடைச்சிடுங்க, புகையும்.

ஹில்கன்ட்ரி:
வந்துருச்சு அண்ணே! அயர்ன் வெச்சு மூணாவது நிமிஷம், ஒரு சின்ன டிக்குனு சத்தம், அப்படியே கழண்டுச்சு. ஸ்லாட்டுல ஒரு கீறல் இல்ல. உள்ள சிவப்பாத்தான் பசை இருந்துச்சு.

மாட்டறதுக்கு முன்னாடி வேற என்ன கவனிக்கணும்?

பித்தளைச்சுத்தி:
மகிழ்ச்சி தம்பி. போல்ட்ட எடுத்துட்டு சேம்பர்ல விரல் விட்டுப் பாத்தீங்களா, மேகசின் காலியா, தோட்டா வேற ரூம்லதானே இருக்கு? ஒவ்வொரு தடவை மேசைக்கு வரும்போதும் பாக்கணும், வீட்ல குழந்தை இருந்தா கதவும் சாத்திக்கோங்க.

பழைய பேஸ் ஸ்க்ரூவையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நீளம் பாருங்க. ரிசீவரோட முன் வளையத்துக்கு மேல வர்ற பேஸ் ஸ்க்ரூ கொஞ்சம் நீளமா இருந்தா உள்ள நீட்டி போல்ட் லக்குல (போல்ட் நுனில இருக்கிற பூட்டுப் பல்) இடிக்கும். ஸ்கோப் வெக்கறதுக்கு முன்னாடி பேஸ் மட்டும் முடுக்கி, போல்ட்ட விட்டு மூடித் திறந்து பாருங்க, ஏதாவது உரசினா ஸ்க்ரூ நீளம்தான். கட்டைக்கு அடில இருந்து வர்ற முன் ஸ்க்ரூவும் அதே மாதிரி லக்குல போய் முட்டும், புது கட்டைல தடிமன் மாறியிருந்தா.

கட்டைல உட்கார வெக்கும்போது குழாய் மேல பாக்க நிறுத்தி, கட்டையோட பின் நுனிய தரைல மெதுவா ஒரு தட்டு தட்டுங்க, ரீகாயில் லக் (உதைய தாங்கற இரும்புத் துண்டு) பின்பக்கமா போய் கட்டைல சாய்ஞ்சு உட்காரும். அந்த நிலைலயே ரெண்டு ஸ்க்ரூவையும் விரலால ஓட்டி, மாத்தி மாத்தி 20, 40, அப்புறம் முழு அளவு. ஒரேடியா ஒண்ண 65க்கு கொண்டு போகாதீங்க.

அயோவா_அக்கா:
ரிங்குல ரெண்டு பக்க இடைவெளியும் சமமா இருக்கணும், அத சொல்ல விட்டுட்டேன். குறுக்கு குறுக்கா கால் சுத்து கால் சுத்தா போங்க, முடுக்கும்போது ஸ்கோப் லேசா சுத்திக்கும், ரெட்டிகில் (ஸ்கோப் உள்ள தெரியற குறுக்குக் கோடு) நேரா இருக்கான்னு கடைசில இன்னொரு தடவை பாருங்க. முடிச்சதும் ஸ்க்ரூ தலைக்கும் ரிங்குக்கும் குறுக்கா பெயிண்ட் பேனால ஒரு கோடு போட்டு வெச்சா, பின்னாடி எது நகர்ந்தாலும் ரேஞ்சுல கண்ணுக்கே தெரியும்.

ஹில்கன்ட்ரி:
முன் பேஸ் ஸ்க்ரூ ஒண்ணு நிஜமாவே உரசுச்சு அண்ணே, போல்ட் மூடும்போது லேசா கரகரன்னு. பேஸ் பாக்கெட்டுல ரெண்டு நீளத்துல குடுத்திருந்தாங்க, குட்டைய மாத்தினேன், இப்ப சுத்தமா ஓடுது. கட்டை 65, ரிங் 18, பேஸ்ல நீலம் ஒரு சொட்டு. சனிக்கிழமை ரேஞ்சுக்கு போறேன், டார்க் டிரைவரையும் டி-15 பிட்டையும் பைல எடுத்து வெச்சாச்சு, முதல் 20 ரவுண்டுக்கு அப்புறம் பெயிண்ட் கோட்ட பாத்துட்டு வந்து இங்கேயே எழுதறேன்.